ஊதாதீங்க தாத்தா, உறிஞ்சுங்க

எங்கள் கட்டடம் 7 மாடி. என் வீடு 5-வது மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் மாதத்தில் பாதி நாள் அதன் கதவில் 'பந்த்' என்று அட்டை தொங்கும். தாராவி 90 அடி ரோட்டிலிருந்து என் வாசலுக்குச் சரியாக 90 படி. பேத்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் ஆடி மாதம், நல்ல மழை. ஒரு கையில் 5 கிலோ அரிசி, மறு கையில் குடை. மூன்றாவது மாடி வளைவில் நின்றுவிட்டேன். கால் வலிக்கவில்லை, காற்றுதான் வரவில்லை. அரிசியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன். மேலே ஏறி வந்த இஸ்திரிக் கடைத் தம்பி, "என்ன அண்ணாச்சி, இங்க உக்காந்துட்டீங்க?" என்றான். "சும்மா மழையப் பாக்கேன்டே" என்றேன். அந்த வளைவில் ஜன்னலே கிடையாது.

எனக்கு வயது 71. 1983-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து, 34 வருஷம் சைக்கிளில் இட்லி விற்றவன். பின்னால் அலுமினியக் குண்டான், முன்னால் சட்னி வாளி, கைப்பிடியில் 'பாம் பாம்' ஹாரன். சயான், மாட்டுங்கா, வடாலா என்று பாலம் பாலமாக ஏறி இறங்கியவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொள்ள ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் டாக்டரிடம் போங்கள். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு, நான் பின்னால் சொல்லப்போகும் மூச்சுப் பயிற்சிக் கருவியை நேராக வாங்கப் போகாதீர்கள். மூச்சு வாங்குவதற்கு இருதயம் காரணமாக இருக்கலாம், ரத்தசோகை காரணமாக இருக்கலாம், நுரையீரலே பழுதாகியிருக்கலாம். எனக்கு ஈ.சி.ஜி., எக்கோ, ஹீமோகுளோபின், எக்ஸ்ரே, குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எல்லாம் எடுத்தார்கள். இருதயம் சரி. நுரையீரலில் பழைய அடுப்புப் புகையின் அடையாளம் லேசாக இருந்தது, அவ்வளவுதான். நெஞ்சு வலி, பாத வீக்கம், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவது, உதடு நீலமாவது, திடீரென்று ஒரே நாளில் மூச்சுத் திணறல் வருவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு அந்த டாக்டரம்மா சொன்னது, "மூச்சை உள்ள இழுக்கற தசை மெலிஞ்சிருக்கு மாமா." கைகாலுக்குத்தான் தசை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

என் பேத்தி பிசியோதெரபி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அன்று ராத்திரி என் பழைய இட்லிக் குண்டானின் மூடியை எடுத்துக் கவிழ்த்து என் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே வைத்துக் காட்டினாள். "மூச்ச இழுக்கற முக்கியமான தசை உதரவிதானம். அது இப்படித்தான் தாத்தா இருக்கும், குடை மாதிரி. மூச்ச இழுக்கும்போது இது தட்டையாகிக் கீழ இறங்கும். வயிறு முன்னால வரும், நெஞ்சுக்குள்ள இடம் உண்டாகும், காத்து தானா உள்ள போகும்." விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசைகள் இதற்குத் துணை. வயதாக ஆக விலாக்கூடு விறைத்துப்போகிறது. முன்னால் எளிதாக விரிந்தது இப்போது பிடிவாதம் பிடிக்கிறது. இழுக்கிற தசையும் தொடை, புஜம் மாதிரியே இளைக்கிறது. வேலை கூடி, ஆள் குறைந்த கடை மாதிரி. மூச்சை வெளியே விடுவதற்குச் சாதாரணமாக எந்தத் தசையும் மெனக்கெட வேண்டாம். விரிந்தது தானாகச் சுருங்கிக்கொள்ளும். ஆகவே பயிற்சி வேண்டியது முக்கியமாக இழுக்கிற பக்கத்துக்கு.

இங்கேதான் நான் மூன்று வருஷம் ஏமாந்திருந்தேன்.

மூன்று பந்துக் கதை

2021-ல் கோவிட் இரண்டாம் அலை வந்தபோது எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த மூன்று பந்து பிளாஸ்டிக் பெட்டி வந்துவிட்டது. மூன்று கூண்டு, மூன்று கலர் பந்து, ஒரு வளைந்த குழாய். நானும் வாங்கினேன். தினமும் காலையில் ஊது ஊது என்று ஊதினேன். பந்து அசையவே இல்லை. கடைக்காரன் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டான் என்று திட்டிவிட்டுப் பரணில் போட்டேன். என் வீட்டுக்காரி விறகடுப்புக் காலத்து ஆள். ஊதாங்குழலில் மூன்றே ஊதலில் ஈர விறகைப் பற்ற வைப்பாள். அவள் வாங்கி ஊதியும் பந்து நகரவில்லை.

பேத்தி பரணிலிருந்து எடுத்து வந்து சொன்னாள்: "ஊதாதீங்க தாத்தா, உறிஞ்சுங்க." இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல உறிஞ்சினேன். முதல் பந்து தடதடவென்று ஏறியது. கடைக்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெட்டியில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். வினாடிக்கு அத்தனை மில்லி காற்று உள்ளே போனால் அந்தப் பந்து மேலே நிற்கும் என்று அர்த்தம். ஆபரேஷனுக்குப் பிறகு, நிமோனியாவுக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி மடிந்து ஒட்டிக்கொள்ளாமல் விரியச் செய்ய இது நல்ல சாமான். மூன்று பந்தையும் டக்கென்று ஏற்றிக் காட்டுவது வீரம் இல்லை. ஒரு பந்தோ இரண்டோ ஏறி, மூன்று வினாடி அங்கேயே நிற்கும்படி மெதுவாக, ஆழமாக இழுப்பதுதான் சரியான முறை. பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் பந்து சுலபமாக ஏறும். அது கள்ள ஆட்டம்.

ஆனால் தசைக்குப் பலம் ஏற்ற இது போதாது. பளு இல்லை. வெறும் கையை நூறு தரம் மடக்குவதற்கும், கையில் படிக்கல்லை வைத்துப் பத்துத் தரம் மடக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்தப் பளுவைக் கொடுப்பதற்கு வேறு கருவி உண்டு: உள்ளங்கை நீளத்தில் ஒரு குழாய், உள்ளே ஸ்பிரிங் போட்ட வால்வு, வெளியே திருகு. திருகை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு பலமாக இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். விடும்போது தடை கிடையாது. மெடிக்கல் சாமான் கடையில் 'இன்ஸ்பிரேட்டரி மசில் டிரெயினர்' என்று கேளுங்கள். வெறுமனே 'மூச்சுப் பயிற்சி மெஷின்' என்று கேட்டால் மறுபடி மூன்று பந்துதான் கைக்கு வரும். மூன்று பந்து சில நூறு ரூபாய், இது சில ஆயிரம். திருகின் பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண் இல்லாததை வாங்கினால் எவ்வளவு பளு தூக்குகிறோம் என்றே தெரியாது.

எவ்வளவு முறுக்குவது

அதற்கு முதலில் உங்கள் பலம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். நுரையீரல் பரிசோதனை செய்யும் இடங்கள் சிலவற்றில் இதற்கு வசதி உண்டு. குழாயை வாயில் கவ்விக்கொண்டு, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் விட்டுவிட்டு, அடைத்த குழாயிலிருந்து முழு பலத்தோடு இழுக்க வேண்டும். காற்று வராது, அழுத்தம் மட்டும் மீட்டரில் ஏறும். நாலைந்து முறை செய்யச் சொல்லி, அதில் சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள். என் கணக்கு 48. சென்டிமீட்டர் நீர் அழுத்தம் என்பது அதன் அளவு. 60-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகக் கைகொடுக்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.

48-ல் 30 சதவீதம் சுமார் 14. அங்கிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் 20. ஆறாவது வாரம் 24, அதாவது பாதி. அளக்க வசதி இல்லாதவர்கள் கருவியின் மிகக் குறைந்த எண்ணில் ஆரம்பிக்கலாம். பத்துக்கு எத்தனை மார்க் கஷ்டம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 2, 3 என்றால் பளு போதவில்லை, அரைச் சுற்று முறுக்கலாம். 5, 6 என்றால் சரியான இடம். 8-ஐத் தொட்டால் ரோஷப்படாமல் குறைத்துவிடுங்கள். நான் ரோஷப்பட்டேன். முதல் வாரமே 30-க்கு முறுக்கி, அன்று சாயங்காலம் கழுத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரி தைலம் தேய்த்தபடி கொடுத்த அர்ச்சனை தனி.

இனி செய்கிற விதம். காலையில் காபிக்கு முன் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் நுனிக்கு வந்து, முதுகை நிமிர்த்தி, பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காருங்கள். மூக்கை அடைக்கக் கிளிப் கருவியோடு வரும். அது தொலைந்துபோனால் விரலால் பிடித்துக்கொள்ளலாம். கொடியில் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டுப் பார்த்தேன், வேண்டாம், தோல் சிவந்துவிடும். பல்செட் தளர்வாக இருந்தால் உதடு குழாயைச் சரியாகக் கவ்வாது, ஓரத்தில் காற்று ஒழுகும். அதை முதலில் கவனியுங்கள்.

உதட்டால் குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, மூச்சை மெதுவாக முழுக்க விடுங்கள். பிறகு ஒரே இழுப்பு. வேகமாக, பலமாக, அடிவயிறு முன்னால் வரும்படி. கிணற்றில் வாளி நிறைந்ததும் கயிற்றைச் சுண்டி இழுப்போமே, ஆரம்பத்தில் அந்த வேகம் வேண்டும். தோள் ஏறக் கூடாது. முதல் இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் உட்காருங்கள். தோள் காதை நோக்கிப் போனால் கழுத்துத் தசைதான் வேலை செய்கிறது, குண்டான் மூடி சும்மா கிடக்கிறது. கன்னம் குழிந்தாலும் தப்பு. வாயால் உறிஞ்சக் கூடாது, வயிற்றால் இழுக்க வேண்டும். ஒரு கையைத் தொப்புளுக்கு மேல் வைத்துக்கொண்டால் அது தெரியும். நுரையீரல் நிரம்பியதும் ஒரு வினாடி நிறுத்தி, பிறகு விடுங்கள். விடுவதில் அவசரமே வேண்டாம். இழுக்க ஒரு வினாடி என்றால் விட மூன்று வினாடி.

இது 30 தரம். ஒரே மூச்சில் முப்பதையும் முடிக்க வேண்டியதில்லை. நான் பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் ஒரு நிமிஷம் ஆறுவேன். எண்ணிக்கைக்குப் பழைய இட்லிக் கணக்குதான்: ஒரு தட்டுக்கு நாலு, ஏழு தட்டும் இரண்டு இட்லியும். மொத்தம் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஆறு நாள், ஞாயிறு லீவு.

தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் நீங்கள் மூச்சை வேகவேகமாக இழுத்து விடுகிறீர்கள் என்று அர்த்தம். உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போனால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். சாதாரணமாக இரண்டு நிமிஷம் மூச்சு விட்டு, பிறகு நிதானமாக ஆரம்பியுங்கள். நெஞ்சு வலியோ காது வலியோ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், டாக்டரைக் கேட்காமல் மறுநாள் தொடக் கூடாது.

இதைச் செய்யவே கூடாதவர்களும் உண்டு: நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கோத்துக்கொண்ட சரித்திரம் உள்ளவர்கள், காதுச் சவ்வு கிழிந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சிலோ வயிற்றிலோ ஆபரேஷன் ஆகித் தையல் ஆறாதவர்கள், ரத்தக்குழாய் பலூன் மாதிரி புடைத்த 'அனியூரிசம்' உள்ளவர்கள், அடிக்கடி முற்றிவரும் ஆஸ்துமாக்காரர்கள். குடலிறக்கம் இருந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கண் ஆபரேஷனும் இதில் சேர்த்தி. என் வீட்டுக்காரிக்குக் கண்புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கண் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவளைத் தொடவிடவில்லை. அதில் அவளுக்கு என்மேல் இன்னும் கோபம். என்னமோ நான் கருவியை ஒளித்து வைத்துக்கொண்ட மாதிரி.

கருவியை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் பெண்டாட்டி என்றாலும் எச்சில் எச்சில்தான். வாரத்தில் இரண்டு முறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உதறிவிட்டு நிழலில் காய வைக்க வேண்டும். பம்பாய் மழைக்காலத்தில் எதுவும் காயாது. ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுப்பேன். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் பூசணம் பிடிக்கும், அதை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டிவரும். ஊதுபத்தி, கொசுவர்த்தி எரிகிற அறையில் உட்காராதீர்கள். குளிர்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலையில் புகைமூட்டம் கீழே இறங்கி நிற்கிறது. அப்போது பால்கனி வேண்டாம்.

கருவி வாங்க முடியாதவர்களும், வாங்கும்வரை காத்திருப்பவர்களும் படியில் செய்ய ஒரு வித்தை இருக்கிறது. உண்மையில் எனக்கு முதலில் உதவியது அதுதான். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு நில்லுங்கள். சூடான காபியை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து, மெதுவாக விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறுங்கள். நில்லுங்கள், இழுங்கள், மறுபடி விட்டுக்கொண்டே இரண்டு படி. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுகிற பழக்கம்தான் நம்மைப் பாதி வழியில் உட்கார வைக்கிறது. வழியில் முட்டினால் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, சற்று முன்னால் குனிந்து நில்லுங்கள். தோளின் பாரம் கைக்குப் போய்விடுவதால் நெஞ்சுக்கு இழுக்க வசதியாகும். இது தசையை வளர்க்காது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"பிராணாயாமம் செஞ்சா போதாதா?" என்று எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் தினம் ஒருவர் கேட்கிறார். செய்யுங்கள், மனசுக்கும் நல்லது, மூச்சை நிதானப்படுத்தும். அதில் பளு இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பி.பி.க்கும் இது உதவலாம் என்கிறார்கள். 2021-ல் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 50 முதல் 79 வயது வரை 36 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கடுமையான தடை, மறு பாதிப் பேருக்குப் பெயரளவுக்கு மட்டும் தடை. தினம் 30 இழுப்பு, வாரம் 6 நாள், 6 வாரம். கடுமையாகச் செய்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. நிறுத்தி 6 வாரம் கழித்தும் அதில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அவர்கள் வைத்த பளு முழு பலத்தில் 75 சதவீதம். நான் அந்தப் பக்கமே போகவில்லை, நீங்களும் ஆளில்லாமல் போக வேண்டாம். மாத்திரையை நிறுத்துகிற புத்திசாலித்தனமும் வேண்டாம். என் மாத்திரை இன்னும் அதேதான்.

முதல் மூன்று வாரம் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பேத்தி காலண்டரில் தேதிக்கு மேல் கோடு போட்டுக்கொண்டே வந்தாள், அந்தக் கோடு விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே செய்தேன். ஐந்தாவது வாரம் ஒருநாள் போனில் ஊர்க்காரரோடு பேசிக்கொண்டே படி ஏறினேன். நாலாவது மாடி வந்த பிறகுதான் கவனித்தேன். எட்டு வாரம் முடிந்து மறுபடி அளந்தபோது 61. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்கிறேன், திருகு 30-ல் நிற்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் சோம்பி இருந்துவிட்டு வந்தபோது 30 கனத்தது. 26-க்கு இறக்கி, பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்தேன்.

வீட்டுக்காரிக்குக் கண் டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். அவளுக்குத் தனியாகக் கருவி வந்து நாலு நாள் ஆகிறது. 10-ல் வைத்திருக்கிறாள். நேற்று அவள் இழுக்கும்போது தோள் ஏறுகிறது என்றேன். "நீங்க போய் மழையப் பாருங்க" என்கிறாள்.